விதை நீக்கிய தக்காளி

தக்காளியைத் தோலுரித்து, விதையைப் பிதுக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் சதையைக் கரடுமுரடாக வெட்டிப் போடுவதற்குப் பிரெஞ்சுக்காரன் ஒரு பெயர் வைத்திருக்கிறான். கொங்காஸே. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் எங்கள் ஹோட்டலுக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் ஹரிகுமார். கப்பலில் சமைத்து, கோவாவில் சமைத்து, கடைசியில் எங்களுக்குத் தலைமைச் சமையல்காரராக வந்து வாய்த்தவர். வெங்காயத்தை ஒரு மாதிரி வெட்டினால் அதற்கு ஒரு பெயர், கேரட்டை நீட்டி வெட்டினால் அதற்கு வேறு பெயர். நாங்கள் அத்தனை நாளும் பெயரே இல்லாமல் வெட்டிச் சமைத்து, ஜனங்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

நான் வன்னியபெருமாள். அந்த ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர். பிறந்து வளர்ந்தது ஆரியசாலை. பொறுக்கி எடுத்த தக்காளியைச் சமையலறைக்கு அனுப்பி, அதில் கால்வாசி குப்பைவாளிக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிந்த ஆள். ஆனால் அந்த வாளியின் முன்னால் என்னைவிட அதிகமாகத் திகைத்து நின்றவள் வடிவம்மாள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

வடிவம்மாள் எங்கள் ஹோட்டலில் காய் வெட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பணகுடிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பஸ் ஏறி வந்தாள். புருஷன் செல்வமணி ஆரியசாலையில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். இவள் கல்யாண விருந்துகளுக்குக் காய் நறுக்கப் போய், அப்படியே எங்கள் ஹோட்டலில் நிலைத்துவிட்டாள். பிள்ளை இல்லை. அவருக்கு இவள், இவளுக்கு அவர். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு.

அவியலுக்கு அவள் வெட்டிய காய்களைப் பார்க்கவேண்டும். முருங்கையும் சேனையும் வாழைக்காயும் ஒரே நீளத்தில், ஒரே கனத்தில் கிடக்கும். ஒரு துண்டு கூடக் குறைய விழுந்தால் அதைத் தனியே எடுத்துச் சாம்பாருக்குத் தள்ளிவிடுவாள். "வடிவு, ஸ்கேலை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?" என்று நான் சீண்டுவேன். "கண்ணுக்குள்ள இருக்கு அண்ணாச்சி, எடுத்துக்காட்டவா?" என்பாள். வாய்க்குக் குறைவில்லை.

ஹரிகுமார் வந்த முதல் வாரம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி இந்த வித்தையைக் காட்டினார். தக்காளியின் அடியில் கத்தியால் ஒரு பெருக்கல் குறி. கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பத்து எண்ணிவிட்டு ஐஸ் தண்ணீரில் அள்ளிப்போட்டார். தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் கழன்று வந்தது. குறுக்கே வெட்டி, உள்ளங்கையில் வைத்து ஒரே அமுக்கு. விதையும் வழவழப்புமாக எல்லாம் வாளியில் விழுந்தது. மிச்சச் சதைக்கு நாலு வெட்டு, அவ்வளவுதான்.

"இத்தனையும் கொட்டவா?" என்று கேட்டாள் வடிவம்மாள்.

"கொட்டணும் சேச்சி. விதை கடிபட்டா கசக்கும்."

அவள் செய்தாள். செய்தவள் வழக்கம்போலத் தாயக்கட்டை மாதிரி ஒரே அளவில் வெட்டி அடுக்கிவிட்டாள். ஹரிகுமார் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ சேச்சி, இது அவியல் அல்ல. ரஃப் ஆயிட்டு மதி. கை அவசரத்துல வெட்டின மாதிரி தோணணும்."

ஸ்டோருக்கு வந்து என்னிடம் பொரிந்து தள்ளினாள். "இருவத்திரெண்டு வருசமா ஒழுங்கா வெட்டப் படிச்சேன். இப்ப கோணல்மாணலா வெட்டப் படிக்கணுமாம். இதுக்கு வெள்ளக்காரன் பேரு வேற. கேட்டியளா அண்ணாச்சி கூத்த?"

ரெண்டே நாளில் படித்துக்கொண்டாள். கையில் தொழில் இருக்கிறவர்களுக்குக் கோணலும் சீக்கிரம் வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் செல்வமணிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் காலையில் போய் மிஷினில் நாலு மணி நேரம் படுக்கவேண்டும். முதுகில் நூறு கிலோ மூட்டையோடு சந்துக்குள் ஓடுகிற ஆளாக நான் பார்த்த மனுஷன், ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மண்டிக்காரர்கள் ஆறு மாசம் விசாரித்தார்கள், அப்புறம் அவரவர் வேலை.

வியாதியைவிடச் சாப்பாடுதான் அவரைக் கொன்றது. தண்ணீருக்கு அளவு. உப்பு கிடையாது. பழம் கிடையாது, இளநீர் கூடவே கூடாது. காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சக்கையைத்தான் தாளித்துக் கொடுக்கவேண்டும். வடிவம்மாள் ஹோட்டலில் ஊருக்கெல்லாம் ருசியாக வெட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனுக்குச் சக்கையைத் தாளிப்பாள். அவர் ரெண்டு வாய் எடுத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். "கோவிக்காத வடிவு, எறங்கல" என்பார். நாளுக்கு நாள் எலும்பு தெரிந்தது. சாப்பிடாவிட்டால் மிஷினும் காப்பாற்றாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அவர் வாயில் எதையாவது எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு வாழ்க்கை என்று ஆகிவிட்டது. உலையில் அரிசி கொதிக்கிறபோது அடுப்பின் முன்னால் நின்று அழுவாளாம். என்னிடம் அவளே சொன்னாள்.

டயாலிசிஸ் சென்டரில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எது சாப்பிடலாம், எது கூடாது என்று ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மலையாளம். வடிவம்மாள் மலையாளம் நன்றாகப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள்.

"இன்னொரு மட்டம் வாசிங்க அண்ணாச்சி. எதையாவது விட்டிருப்போம்."

நான் வாசித்தேன். அதற்கு முன்னால் பத்துத் தடவை வாசித்திருப்பேன். கூடாது என்ற பட்டியலில் தக்காளி இருந்தது. அவருக்கோ தக்காளி என்றால் உயிர். வதக்கிய தக்காளி இருந்தால் பழைய சோற்றில் ஒரு சட்டி காலியாகும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். தக்காளி என்று நான் வாசித்ததும் அவள் முகம் என்னவோபோல் ஆனது.

"தக்காளி விதைதான அண்ணாச்சி கிட்னிக்கு ஆகாது?"

எங்கள் தெருவில் தக்காளி விதைமேல் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. கல் அடைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யார் சொன்னது, எங்கே படித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் கையிலிருந்த பில்லைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, விதைதான் கெடுதல். பின்னே?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் நிமிர்ந்து, "எதுக்குக் கேக்கே வடிவு?" என்று கேட்டிருக்கலாம். மனுஷன் செய்கிற வேலைகளில் மகா மட்டமானது இதுதான், பேசுகிறவள் முகத்தைப் பாராமல் பதில் சொல்லுவது.

அன்றைக்கு வேலை முடிந்து போகும்போது நாலு தக்காளி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். பெருக்கல் குறி போட்டு, வெந்நீரில் பத்து எண்ணி, தோலுரித்து, பிதுக்கி, அதோடு விடாமல் ஊசி முனையால் ஒட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு விதையையும் எடுத்து, ஒரு விதைகூட இல்லாத சதையை வதக்கிக் கொடுத்திருக்கிறாள். ஹரிகுமாரின் கண்ணில் அது பட்டிருந்தால் கப்பலுக்கே அனுப்பியிருப்பார், அத்தனை சுத்தம். செல்வமணி தட்டை வழித்துச் சாப்பிட்டாராம்.

மறுநாள் அவள் ஸ்டோருக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "திண்ணுட்டாவ அண்ணாச்சி! இன்னும் இருக்கான்னு கேட்டாவ. அந்தப் பிரெஞ்சுக்காரன் நல்லா இருக்கட்டும். விசத்த எடுத்துட்டு ருசிய வச்சிருக்கான் பாருங்க." எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல தக்காளியாகப் பார்த்துத் தனியே எடுத்துவைத்து அவளுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இப்படி நாலைந்து மாசம் ஓடியது. தினமும் இல்லை. "மிசினுக்குப் போற அன்னைக்குத் தா வடிவு, வெறும் வயித்துல போகக்கூடாதுல்லா" என்பாராம் செல்வமணி. மற்ற நாளில் வயிறு சரியில்லை என்பாராம். அவள் அதை ஒழுங்காகக் கேட்டு நடந்தாள். அவர் ஏன் அப்படி நாள் பார்த்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹோட்டலில் மத்தியானம் ஒரு கம்பெனிக்காரர்களின் விருந்து இருந்தது, நூற்றைம்பது பேர். பதினொரு மணிக்கு போன் பண்ணி ரத்து செய்துவிட்டார்கள். வடிவம்மாள் விடியற்காலையிலேயே வந்து ரெண்டு டப் நிறைய கொங்காஸே தயாராக்கி வைத்திருந்தாள். ஹரிகுமார் எரிச்சலில் கையை வீசினார். "ஃப்ரீசர்ல எடமில்ல. ஒண்ணு ஸ்டாஃப் கறிக்கு எடு. இன்னொண்ண சேச்சி வேணும்னா கொண்டுபோகட்டும்."

வாசலில் காவல்காரரிடம் காட்டச் சீட்டு வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

மூன்று மணிக்கு ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். ஆரியசாலைக்குப் போகிற வழிதானே என்று டப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். செல்வமணி கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டப்பைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என் கைவேலைய வயிறு நெறையத் திங்கப் போறிய" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். உப்பில்லாமல், கொஞ்சம் மிளகு போட்டு, பெரிய சட்டி நிறைய வதக்கி இறக்கினாள்.

"நாளன்னைக்குத் திங்கேன் வடிவு. செவ்வாக்கிழம காலைல" என்றார் செல்வமணி.

"செவ்வாக்கிழம வரைக்கும் இருக்குமா? நம்ம வீட்டுல பிரிட்ஜா இருக்கு? அம்புட்டையும் கொட்டவா?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. நான் டீயை ஊதிக்கொண்டு, "சாப்பிடும் செல்வமணி, காலம்பற நாலு மணிக்கு எழும்பி வெட்டினதாக்கும்" என்றேன். அவர் தட்டை வாங்கினார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டு காலியானதும் மறுபடியும் போட்டாள். "நல்லாருக்கா?" என்று கேட்டாள். "ம்" என்றார். ராத்திரிக்கும் அதுவேதான் என்று மறுநாள் அவள் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவள் வெண்டைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ரெம்யா போனில் கூப்பிட்டாள். செல்வமணிக்குக் காலைத் தூக்க முடியவில்லையாம், நாக்கு மரத்துவிட்டதாம், பேச்சு குழறுகிறதாம். வடிவம்மாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். நான் கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினேன், நானும் ஏறினேன். வீட்டிலிருந்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வாயு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கேஷுவாலிட்டியில் ஊசியைப் போட்டுக்கொண்டே இதயத்தின் படத்தையும் எடுத்தார்கள். ரத்தத்தையும் பார்த்தார்கள். இளம் டாக்டர், பெண். ரத்தத்தில் பொட்டாசியம் எட்டைத் தாண்டிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் இதயம் நின்றுவிடும், உடனே மிஷினில் போடவேண்டும் என்று மலையாளத்தில் வேகமாகச் சொன்னாள். அப்புறம் கேட்டாள், "நேத்து என்னா கழிச்சது?" என்ன சாப்பிட்டார் என்று.

"நேத்து தக்கா..." என்று வடிவம்மாள் வாயெடுத்தாள்.

"எளநி" என்றார் செல்வமணி. அந்தக் குழறல் நாக்கில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எப்படி அத்தனை தெளிவாகச் சொன்னாரோ. "ரெண்டு எளநி குடிச்சேன் டாக்டர். வெளிய போயி. இவளுக்குத் தெரியாது."

டாக்டர் நெற்றியில் அறைந்துகொண்டாள். "இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறதென்று சொல்லவில்லையா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு மிஷினுக்கு ஏற்பாடு செய்ய ஓடினாள்.

வடிவம்மாள் வாயைத் திறந்தாள். அம்மாடி, அந்தத் திட்டு. "நான் ஊசியால விதை விதையா நோண்டி எடுத்துத் தாரேன், நீரு எளநி குடிச்சீரா? ரெண்டு வருசமா நான் ஒழுங்கா ஒறங்கியிருக்கேனா? ஒரு வாய் நல்ல சோறு திண்ணுருக்கேனா? எளநிக்கு அலையுத நாக்கா அது? எந்த நாயி ஓய் உமக்கு வெட்டிக் குடுத்தது?" கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உலுக்கினாள். அவர் கண்ணை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நர்ஸ் வந்து அவள் கையில் ஒரு சீட்டைத் திணித்துக் கவுண்டருக்கு விரட்டினாள். போகும்போதும் திட்டிக்கொண்டேதான் போனாள்.

அவள் போனதும் செல்வமணி விரலால் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"எளநி ஒண்ணும் குடிக்கல அண்ணாச்சி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"விதையில ஒண்ணுமில்ல. சதையிலதான் எல்லாம். மிசின் பாக்குத நர்ஸ் பிள்ள, மீனுன்னு பேரு, அதுதான் சொல்லிச்சு. எங்க வீட்டுக்காரி ஓட்டல் பக்குவத்துல செய்துதாரான்னு நான்தான் பெருமையாச் சொன்னேன். அந்தப் பிள்ள பதறிட்டு. மிசினுக்கு வாற அன்னைக்கு ஒரு துண்டு, அதுக்கு மேல கூடாதுன்னிச்சு."

"தெரிஞ்சுமா திண்ணீரு?"

"ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் அண்ணாச்சி அவ சிரிச்சா. வேண்டாம்னு சொல்ல வாய் வரல." மூச்சு வாங்கினார். "அவகிட்ட சொல்லிராதிய. தாங்கமாட்டா."

சொல்லமாட்டேன் என்றேன். வேறென்ன சொல்ல? விதைதான் கெடுதல் என்று அவளுக்குச் சொன்னதே நான்தான் என்று அவரிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டயாலிசிஸ் வார்டுக்குப் போகிற வழியிலேயே இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள், ரொம்ப நேரம் பார்த்தார்கள். வடிவம்மாள் சீட்டோடு திரும்பி வந்தபோது துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அழவில்லை. தைக்காட்டுச் சுடுகாட்டிலும் அழவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் ஒப்பாரி வைத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு, "எளநி குடிச்சுச் செத்தாரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பதினாறு கழிந்ததும் வேலைக்கு வந்தாள். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் போட்டோவை எடுத்துக்கொண்டு, கிள்ளிப்பாலத்திலிருந்து ஒவ்வொரு இளநீர்க் கடையாக ஏறி இறங்க ஆரம்பித்தாள்.

"இந்த ஆளுக்கு எளநி வெட்டிக் குடுத்தது நீயா?"

சாலைக் கடைத்தெருவில் கேட்டாள். அட்டகுளங்கரையில் கேட்டாள், கிழக்குக் கோட்டையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கினார்கள். ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியே போய்விட்டான். அவளுக்கு அவன்மேல் சந்தேகம் வந்து ரெண்டு நாள் அவனைத் தேடினாள். நடக்க முடியாத மனுஷன் எப்படி இத்தனை தூரம் போயிருப்பார் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றினால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இப்படி ஓடுகிறாளோ என்று எனக்கு ஒரு கலக்கம். மூன்று வாரம் பார்த்தேன். வேலையில் விரலை வெட்டிக்கொண்டாள். சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கன்னம் ஒட்டிப்போனது. இவளும் போய்விடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ரயில் நிலைய வாசலில் இளநீர் விற்கிற ஷிபு எனக்குப் பத்து வருஷப் பழக்கம். அவனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லாமல், பாதி சொன்னேன். அந்த அம்மா போட்டோவோடு வந்தால் ஆமாம் என்று சொல்லிவிடு, தேடுவதாவது நிற்கும் என்றேன்.

"என்னைச் சபிக்குமே அண்ணாச்சி. வீட்ல சின்னப் பிள்ளைங்க உண்டு."

"சாபம் என் தலையில விழட்டும். உனக்கு ஒண்ணும் வராது."

ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றான். நல்ல மனசுக்காரன்.

மறுநாள் நானே அவளை அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் போட்டோவை நீட்டினாள். ஷிபு வாங்கிப் பார்த்தான். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"குடிச்சாரு சேச்சி. நான்தான் குடுத்தேன். ஆட்டோவில வந்தாரு. சுகமில்லாத ஆளுன்னு எனக்குத் தெரியாது. மன்னிக்கணும்."

அவள் அவனையே பார்த்தாள். பாய்ந்துவிடுவாள் என்று நான் நடுவில் போய் நிற்கத் தயாராக இருந்தேன். அவள் பாயவில்லை. குரல்கூட உயரவில்லை.

"எத்தன?"

"ரெண்டு."

தலையை ஆட்டிக்கொண்டாள். போட்டோவைத் திரும்ப வாங்கி முந்தானையால் துடைத்தாள். "குடிக்கையில மூஞ்சி எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டாள்.

ஷிபு திருதிருவென்று என்னைப் பார்த்தான். இதற்கு நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தன் பங்குக்கு அள்ளி வைத்தான்.

"நல்லா ரசிச்சுக் குடிச்சாரு சேச்சி. கடைசிச் சொட்டு வரைக்கும். வழுக்கையும் தோண்டித் தரச்சொல்லித் திண்ணாரு. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு."

வடிவம்மாள் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியே வெடித்து அழுதாள். செத்த அன்றைக்கு அழாத அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது. ரயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் மனசுக்குள், அப்பாடா, இறங்கிவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். என் மூளையைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"நான் குடுத்தத அப்படித் திங்கல அண்ணாச்சி" என்றாள். "நீங்களும்தான கூட இருந்திய. தலையக் குனிஞ்சுக்கிட்டு, மாத்திர முழுங்குத மாதிரி ஒண்ணொண்ணா முழுங்குனாவ. அப்பவே எனக்கு உறுத்துச்சு. ஒரு மட்டம் சிரிக்கல. எனக்காவத்தான் திண்ணுருக்காவ, பிடிக்கல. பிடிச்சிருந்தா எளநிக்கு எதுக்கு ஆட்டோ பிடிச்சு வரப்போறாவ? உன் கைப்பக்குவம் எனக்கு வேண்டாம் வடிவுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. நான் என்ன, வேற எதாவது செய்து குடுத்திருக்கமாட்டேனா?"

அடிப்பாவி, அந்த ஒவ்வொரு துண்டும் என்னவென்று தெரிந்தே உனக்காக விழுங்கினான் அவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். அவரை எது கொன்றது, யார் கையால் கொடுத்தது, அதற்கு யார் சரி என்று சொன்னது, எல்லாவற்றையும் சொல்லவேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த மனுஷன் அவளுக்கு விட்டுப்போயிருந்த ஒரே சொத்து அந்தக் கடைசிச் சாப்பாடு. அதையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன், நல்லது செய்கிறேன் என்று.

ஷிபு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு இளநீரைச் சீவி, அவள் முன்னால் குனிந்து நீட்டினான். வேண்டாம் என்பாள், தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். ரெண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதன் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். குடித்து முடித்து, வாயைத் துடைக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெறும் தண்ணிதான அண்ணாச்சி" என்றாள்.